காற்றுள்ளபோதே சார்ஜ் போட்டுக்கொள்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை, படிக்க வசதியாக ஆங்காங்கே திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு ஒரு பிளக் பாயின்ட்டில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா முறை, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பண்றாங்க. போன வருஷம் ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எடுத்தாங்க. தினமும் போக வர 28 கிலோமீட்டர். பெட்ரோல் வண்டியில் இதுக்கு மாசம் 1,600 ரூபாய்க்கு மேல் ஆகும். அந்தக் காசு மிச்சமானால் இஎம்ஐ-யில் ஏறக்குறைய பாதி அதிலேயே கட்டிடலாம்னு கணக்கு. நல்ல கணக்குதான். ஆனா ஒண்ணை மறந்துட்டாங்க. சார்ஜ் எங்கே போடுறது?

அவங்க இருக்கிறது லைன் வீடு. ஒரே வரிசையில் ஆறு வீடு, வீட்டுக்கு ஒரு சப்-மீட்டர், யூனிட்டுக்கு இவ்வளவுன்னு ஓனர் அம்மாவே வாங்கிக்கிறாங்க. முதல் நாள் ராத்திரி வண்டியை பிளக்கில் போட்டதுமே ஓனர் அம்மா வந்துட்டாங்க. "வண்டிக்கெல்லாம் கரண்டு போட்டா மீட்டரு பிச்சுக்கிட்டு ஓடீருங் கண்ணு. அதெல்லாம் வேண்டாம்." சரி, கம்பெனியில் போடலாம்னு கேட்டால், அங்கே மேனேஜர், "ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்கம்மா"ன்னுட்டார். இப்போ வாரத்தில் இரண்டு நாள் ஆறு கிலோமீட்டர் தள்ளி அம்மா வீட்டுக்குப் போய் சார்ஜ் போட்டுட்டு வர்றாங்க.

இதில் என்னை உறுத்தின விஷயம் வேற. அந்தக் கம்பெனி மாடி முழுக்க சோலார் பேனல். அதே முதலாளிக்கு பல்லடம் தாண்டி இரண்டு காற்றாலை வேற இருக்கு. தலைக்கு மேல் கரண்ட் உற்பத்தி ஆகுது, கீழே ஸ்டாண்டில் அக்காவின் வண்டி பத்து மணி நேரம் சும்மா நிக்குது. நடுவில் இல்லாதது ஒரு பிளக் பாயின்ட் மட்டும்தானா, இல்லை வேற ஏதாவதா? அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

பனியன் முதலாளி ஏன் காற்றாலை வாங்கினார்?

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு பெரிய வாசல் மாதிரி. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகப் புகுந்து கொங்கு நாட்டுக்குள் வேகமாக வீசும். உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் பஸ்ஸில் போயிருந்தால் பார்த்திருப்பீங்க. கேத்தனூர், பூளவாடி, குடிமங்கலம் எல்லாம் காற்றாலைக் காடு. ஆடி மாசத்தில் அம்மியே பறக்கும்னு சொல்ற ஊர், காற்றாடி சுத்தாதா?

1986-ல் இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று தூத்துக்குடிப் பக்கம் வந்தது. 90-களில் தனியார் பணம் இறங்கியது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி சுற்றுச்சூழல் அக்கறையில் வந்ததில்லை, வரிக் கணக்கில் வந்தது. காற்றாலை வாங்கினால் முதல் வருஷத்திலேயே அதன் விலை முழுவதையும் தேய்மானமாக எழுதலாம் என்று அன்றைக்கு வருமான வரிச் சலுகை இருந்தது. பின்னால் அது 80 சதவீதமாகி, 2017 ஏப்ரலில் 40 சதவீதமாக இறங்கியது. லாபம் வந்த வருஷத்தில் வரி கட்டுவதற்குப் பதில் ஒரு காற்றாலை. பனியன் கம்பெனிக்காரங்களும் நூல் மில் ஓனர்களும் இப்படித்தான் மின் உற்பத்தியாளர் ஆனாங்க.

அப்புறம் 2008-ல் இருந்து மின்வெட்டுக் காலம். 2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளில் பாதி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. தெருத்தெருவாக ஜெனரேட்டர் சத்தம், டீசல் வாடை. நான் அப்போ ஸ்கூல் பையன். எங்க தெருவில் பவர் டேபிள் வச்சிருந்த மாமா ஒருத்தர், கரண்ட் வந்ததும் ராத்திரி இரண்டு மணிக்கு டெய்லர்களை எழுப்பி உட்கார வைப்பார்.

இன்னைக்கு திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் பெருமையாகச் சொல்லும் விஷயம், தங்கள் தொழிலுக்குத் தேவையானதைவிட அதிகமான புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை இந்த ஊர்க்காரர்கள் உற்பத்தி பண்றாங்க என்பது. தமிழ்நாடு முழுக்க காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டுக்கு மேல். அப்போ இந்த ஊரில் மின்வண்டிக்கு கரண்ட் பஞ்சமே இருக்கக் கூடாது, இல்லையா?

ஒரு காற்றாலை, ஆயிரம் ஸ்கூட்டர்

ஒரு சின்னக் கணக்கு போடலாம். கால்குலேட்டர் தேவையில்லை.

பல்லடம் பக்கம் நிறைய நிக்கிற பழைய மாடல், 250 கிலோவாட் காற்றாலை. வருஷத்துக்கு 4 லட்சம் யூனிட் கொடுக்குதுன்னு வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்கூட்டர் ஒரு யூனிட்டில் சுமார் 30 கிலோமீட்டர் ஓடும். எங்க அக்கா மாதிரி தினம் 28 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு நாளைக்கு ஒரு யூனிட் போதும், வருஷத்துக்கு 365. 4 லட்சத்தை 365-ஆல் வகுத்தால் சுமார் 1,100. அதாவது ஒரே ஒரு பழைய காற்றாலை, ஆயிரம் பேர் வேலைக்குப் போய் வரப் போதும்.

ஆனா காற்று நம்ம ஷிப்ட் நேரத்துக்கு வராது. இங்கே சீசன் மே முதல் செப்டம்பர் வரை. வருஷ உற்பத்தியில் 65 சதவீதம் அந்த ஐந்து மாசத்திலேயே வந்துடுதுன்னு எடுத்துக்குங்க. 4 லட்சத்தில் 2,60,000 யூனிட். அந்த ஐந்து மாசத்தில் நம்ம ஆயிரத்துச் சொச்சம் ஸ்கூட்டருக்குத் தேவை 1,67,000. மிச்சம் 93,000 யூனிட். அதைச் சேமித்து வைத்து, காற்றில்லாத மார்கழி, தை, மாசியில் எடுக்கணும்.

எதில் சேமிப்பது? ஒரு ஸ்கூட்டர் பேட்டரியில் சுமார் 3 யூனிட் பிடிக்கும். 93,000-ஐ 3-ஆல் வகுங்க. 31,000 பேட்டரி. ஆயிரம் ஸ்கூட்டர் ஓட்டுவதற்கு 31,000 ஸ்கூட்டரின் பேட்டரி வேணும். அதுவும் வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை நிரப்பி, ஒரே ஒரு தடவை காலி பண்ண. எந்த முதலாளியும் இதுக்குக் காசு போட மாட்டார்.

"பேட்டரி விலை குறையுது, எல்லாப் பிரச்சினையும் தீரும்"னு நாம அடிக்கடி கேக்கிறோம். பாதி உண்மை. பகலை இரவுக்குக் கொண்டு போக பேட்டரி அருமையான சாதனம். ஆடியைத் தைக்குக் கொண்டு போக அதால் முடியாது. ஆஸ்திரேலியாவில் ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 2017-ல் டெஸ்லா வைத்த பெரிய பேட்டரி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 100 மெகாவாட். அப்போது உலகத்திலேயே பெரிய லித்தியம் பேட்டரி. முழு வேகத்தில் கொடுத்தால் அது தாங்கியது ஒண்ணே கால் மணி நேரம் மட்டும்தான்.

ஈபி என்ற பேங்க்

அப்போ இத்தனை வருஷமா காற்றாலை முதலாளிகள் ஆடிக் காற்றை எப்படி தை மாசத்தில் பயன்படுத்தினாங்க? அதுக்குப் பேரே "பேங்கிங்"தான். சீசனில் உங்க காற்றாலை உற்பத்தி பண்ணும் கரண்ட் மின்வாரியத்தின் கம்பிக்குள் போகும். அது உங்க பேரில் கணக்கில் வரவாகும். பின்னால் உங்க கம்பெனிக்கு வேண்டும்போது கழித்துக் கொள்ளலாம். ஏப்ரல் தொடங்கி மார்ச் வரை ஒரு வருஷக் கணக்கு. வாரியம் அதற்கு ஒரு பங்கைக் கட்டணமாக எடுத்துக்கொள்ளும்.

பாஸ்புக் மாதிரிதான். நீங்க போட்ட அதே ரூபாய் நோட்டு பேங்க் பெட்டியில் உட்கார்ந்திருக்குமா? இருக்காது. அதே மாதிரி நீங்க ஜூலையில் கொடுத்த கரண்ட்டை யாரோ ஜூலையிலேயே பயன்படுத்திட்டாங்க. பிப்ரவரியில் உங்களுக்கு வருவது வேற எங்கேயோ நிலக்கரி எரித்தோ, சந்தையில் வாங்கியோ கொடுத்த கரண்ட்.

இங்கே வாரியத்தின் தரப்பையும் கேக்கணும். காற்று அதிகமா வீசும்போது எல்லாரும் கொண்டு வந்து கொட்டுறாங்க, அப்போ எனக்கு அது அவ்வளவு தேவையில்லை. திருப்பிக் கேக்கும்போது நான் அதிக விலைக்கு வாங்கிக் கொடுக்கணும். அந்த நஷ்டம் யார் தலையில் விழும்? கடைசியில் சாதாரண மின் நுகர்வோர் தலையில்தான். 2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடை வெயில் நேரம், காற்று சீசன் சரியாகத் தொடங்கவே இல்லை. அன்றைக்குப் பேங்கில் பணம் இருக்குன்னு எல்லாரும் ஒரே நேரத்தில் எடுக்க வந்தால் என்ன ஆகும்?

அதனால்தான் 2018 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புதுக் காற்றாலைகளுக்கு அந்த வருஷக் கணக்குச் சலுகை இல்லை. சேமிப்புக்கு ஒரு விலை உண்டு, இத்தனை நாள் அந்த விலையை யாரோ மறைமுகமாகக் கட்டிட்டு இருந்தாங்க.

மலை மேல் ஒரு பேட்டரி

நிஜமான சேமிப்பு நம்ம பக்கத்திலேயே 1987-ல் இருந்து இருக்கு. பொள்ளாச்சி தாண்டி, ஆழியாறு தாண்டி, ஆனைமலையில் காடம்பாறை. 100 மெகாவாட் இயந்திரம் நான்கு, மொத்தம் 400 மெகாவாட். கரண்ட் மிச்சமா இருக்கும்போது கீழே மேல் ஆழியாறு அணையில் இருக்கும் தண்ணியை மேலே காடம்பாறை அணைக்கு பம்ப் பண்ணும். தேவை ஏறும்போது அதே தண்ணியைத் திறந்துவிட்டு கரண்ட் எடுக்கும். வீட்டு மாடி டேங்க் தத்துவம்தான். 100 யூனிட் செலவு பண்ணி ஏற்றினால் சுமார் 75 திரும்பக் கிடைக்கும். நஷ்டம் உண்டு, ஆனா இயந்திரத்தைப் பராமரித்தால் பல பத்து வருஷம் ஓடும்.

நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே மாதிரி ஒன்று கட்டிட்டு இருக்காங்க. 2024-ல் தமிழக அரசு நீரேற்று மின் திட்டங்களுக்குத் தனிக் கொள்கையே கொண்டு வந்தது. கூடவே பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க இன்னொரு கொள்கை. பல்லடம் பக்கம் நல்ல காற்று வீசும் இடத்தை எல்லாம் பழைய சின்ன இயந்திரங்கள் பிடிச்சு வச்சிருக்கு. அதே இடத்தில் உயரமான பெரிய இயந்திரம் வந்தால் காற்று குறைவான மாசத்திலும் கொஞ்சம் கூடக் கிடைக்கும். சேமிப்பின் தேவையே அந்த அளவுக்குக் குறையும்.

ஸ்டாண்டில் நிற்கும் பேட்டரி

சரி, இப்போ அக்காவின் வண்டிக்கு வருவோம். ஆடியைத் தைக்குக் கொண்டு போவது அவங்க வண்டியின் வேலை இல்லை. பகலைப் பிடித்து வைப்பது அதன் வேலை. திருப்பூர் ஷிப்ட் இதுக்குன்னே அமைஞ்ச மாதிரி இருக்கு. காலை எட்டரைக்கு வண்டி ஸ்டாண்டுக்கு வருது. ஒன்றரை ஷிப்ட் என்றால் ராத்திரி எட்டு மணி வரை நிக்கும். வெயில் இருக்கும் நேரம் முழுக்க வண்டி அசையாமல் நிக்குது. வீட்டில் போடும் சார்ஜ் ராத்திரி போடுவது. அப்போ சோலாரும் இல்லை, பல மாசம் காற்றும் இல்லை.

கூரைக் கணக்கைப் பாருங்க. ஒரு கிலோவாட் சோலாருக்கு சுமார் 100 சதுர அடி வேணும், நாளைக்கு சராசரியா 4 யூனிட் தரும். அதாவது ஒரு யூனிட்டுக்கு 25 சதுர அடி. ஒரு ஸ்கூட்டர் நிறுத்த, நடைபாதையும் சேர்த்து, எவ்வளவு இடம் ஆகும்? ஏறக்குறைய அதே 25 சதுர அடி. வண்டி வெயிலில் காயாமல் இருக்க எப்படியும் ஒரு கூரை போடணும். அந்தக் கூரையே பேனலாக இருந்தால், கீழே நிக்கிற வண்டிக்கு அன்றாடச் சாப்பாடு மேலேயே கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை உற்பத்தி கம்பெனி கணக்கில்.

மேனேஜர் சொன்னதை நான் சும்மா தள்ள மாட்டேன். எல்லாரும் கேப்பாங்க என்பது உண்மைதான். 200 வண்டி எட்டரை மணிக்கு ஒரே நேரத்தில் பிளக்கில் விழுந்தால், ஒன்றுக்கு 700 வாட் என்று வைத்தாலும் 140 கிலோவாட். ஒரு தையல் ஹாலையே தூக்கிச் சாப்பிடும். பெரிய மின் இணைப்பு வச்சிருக்கும் கம்பெனிகளுக்குக் காலையிலும் மாலையிலும் உச்ச நேரம் உண்டு, அப்போ எடுக்கும் யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல். ஆனா அதே 200 யூனிட்டை வெயில் ஏறின பிறகு, நாள் முழுக்கப் பரப்பிக் கொடுத்தால் 30, 40 கிலோவாட்டுக்குள் அடங்கிடும். தேவை ஒரு டைமர், வரிசை வரிசையா ஆன் ஆகும் சுவிட்ச், தனி சர்க்யூட், ஒழுங்கான எர்த். தீப்பிடிக்கும் பயம் இருக்கிறவங்களுக்கும் பதில் அதுதான். துணி குவிஞ்சு கிடக்கும் ஹாலுக்குள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுவதைவிட, வெளியே ஸ்டாண்டில் முறையா வயரிங் பண்ணிப் போடுவது நல்லது.

செலவு? யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு ஆளுக்கு நாளைக்கு 8 ரூபாய். ஒரு டீ விலையைவிடக் குறைவு. கம்பெனி சும்மா கொடுக்க வேண்டாம் என்றால் காசு வாங்கிக்கட்டும். மின்வண்டிக்கு சார்ஜ் போட்டுக் காசு வாங்குவது மின்சார விற்பனை ஆகாது, அதுக்குத் தனி உரிமம் வேண்டாம் என்று மத்திய மின்துறை 2018-லேயே தெளிவுபடுத்திடுச்சு.

ஒரு டி-ஷர்ட் ஓடும் தூரம்

ஸ்கூட்டரோடு இது முடியாது. நீங்க போட்டிருக்கும் டி-ஷர்ட், கடைக்கு வரும் முன்னாடி திருப்பூருக்குள்ளேயே பெரிய டூர் அடிச்சிருக்கும். நிட்டிங் ஒரு இடம், டையிங் இன்னொரு இடம், காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங்... பாதி வேலை ஜாப் ஒர்க்கில் வெளியே போய் வரும். ஒவ்வொரு தடவையும் துணி ரோல் ஒரு மினி லாரியிலோ ஆட்டோவிலோ ஏறி இறங்கும். சின்னத் தூரம், தெரிஞ்ச ரூட், நடுவில் லோடு ஏத்தக் காத்திருக்கும் நேரம். மின்வண்டிக்கு இதைவிட ஏற்ற வேலை கிடையாது. லோடு ஏத்தும் இடத்திலேயே அரை மணி நேரம் சார்ஜ் கிடைத்தால் சின்ன பேட்டரியே போதும், வண்டி விலையும் குறையும்.

அப்புறம் பழைய பேட்டரி. இந்த வெயிலுக்கு எல்எஃப்பி என்று சொல்லும் இரும்பு பாஸ்பேட் வகை தாக்குப்பிடிக்கும், ஆயுளும் அதிகம், கோபால்ட்டும் வேண்டாம். அதுவும் ஒருநாள் 70 சதவீதத்துக்கு இறங்கும். வண்டிக்கு அப்போ தூரம் பத்தாது. ஆனா மிச்சம் இருக்கும் இரண்டு யூனிட்டில், ஒன்றுக்கு 150 வாட் என்றால், 13 தையல் மெஷினை ஒரு மணி நேரம் ஓட்டலாம். 2012-ல் ராத்திரி இரண்டு மணிக்கு டெய்லர்களை எழுப்பின மாமாவுக்கு இது கிடைச்சிருந்தால்! செல்களைச் சோதித்துத் தரம் பிரிக்க ஆள் வேணும், சும்மா கட்டிப் போட முடியாது. காலாவதியான பேட்டரியைத் திரும்ப எடுக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு என்று 2022 பேட்டரிக் கழிவு விதிகள் சொல்லுது. அந்தச் சங்கிலியில் திருப்பூர் பசங்களுக்கு ஒரு புதுத் தொழில் இருக்கு.

வண்டியில் இருந்தே கரண்ட்டைத் திருப்பிக் கொடுப்பது? நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்தில் கார்களை வைத்துச் செய்றாங்க. நம்ம ஸ்கூட்டருக்கு அதை இப்போதைக்கு விட்டுடலாம். சரியான நேரத்தில் சார்ஜ் போடுவதே பாதி வேலையை முடிச்சிடும்.

கடைசியா...

எதிர்காலம் என்றதும் நமக்கு ஏதோ புது வகை பேட்டரி, ஐந்து நிமிஷ சார்ஜிங் என்றுதான் தோணும். அதெல்லாம் வரட்டும். ஆனா திருப்பூரில் கரண்ட் இருக்கு, வண்டி இருக்கு, வெயில் இருக்கும் நேரத்தில் வண்டி நிக்கவும் செய்யுது. இல்லாதது ஏற்பாடு. ஆடிக்கும் தைக்கும் நடுவில் மலையும் தண்ணியும் மின்வாரியமும் அரசும் வேலை செய்யணும். அதற்கு வருஷங்கள் ஆகும். காலைக்கும் மாலைக்கும் நடுவில் ஒரு கம்பெனியும் ஒரு எலக்ட்ரீஷியனும் போதும். அதற்கு ஒரு வாரம்.

இன்னொண்ணு. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆடிட்டுக்கு வரும்போது மாடிக்குக் கூட்டிட்டுப் போய் சோலார் பேனலைக் காட்டுறாங்க. நல்ல விஷயம். அவங்களை அப்படியே கீழே வண்டி ஸ்டாண்டுக்கும் கூட்டிட்டுப் போகும் நாள் வரணும். அந்த கரண்ட் அங்கே வேலை செய்றவங்க கைக்கும் வந்து சேருதா என்பதும் ஒரு கேள்விதானே.

போன வாரம் அக்காகிட்ட பேசினேன். செக்கிங்கில் இருக்கிறவங்க, அயர்னிங்கில் இருக்கிறவங்கன்னு மின்வண்டி வச்சிருக்கும் 11 பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்திருக்காங்க. யூனிட்டுக்குக் காசு நாங்களே தர்றோம், மதியம் மட்டும் போட்டுக்கிறோம், நாலு பிளக் போதும்னு. மேனேஜர் இன்னும் பதில் சொல்லலை. ஆனா எலக்ட்ரீஷியன் வந்து ஸ்டாண்டை டேப் வச்சு அளந்துட்டுப் போனாராம்.

உங்க ஆபீஸ், காலேஜ் பார்க்கிங்கில் பகல் நேர சார்ஜிங் இருக்கா? இல்லை என்றால் யாரிடம் கேட்டீங்க, என்ன சொன்னாங்க? எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.